மெல்ல வளரும் பவளம்: வேகம் சரியான அளவுகோலா?

வீட்டுக் கடல் தொட்டிகளுக்கென்று இன்று சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பகுதி மான்கொம்புப் பவளத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அக்ரோபோரா என்னும் அந்தக் கிளைப் பவளம் நல்ல கடலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளும். செய்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைச் சில வாரங்களிலேயே காட்டிவிடும். அதே தொட்டியில் கீழே உட்கார்ந்திருக்கும் மூளைப் பவளம் ஆண்டு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஃபேவியா, பிளாட்டிஜைரா, லோபோஃபிலியா, ட்ராக்கிஃபிலியா, பருத்த போரைட்டிஸ் எல்லாம் இப்படி மெல்ல வளர்பவைதான். வேகமான பவளத்துக்கு எழுதிய மருந்துச்சீட்டை இவற்றுக்கும் நீட்டுவது சரியா என்பதே என் கேள்வி.

ஐந்து வழிகள் பொதுவாகச் சிபாரிசு செய்யப்படுகின்றன: நீரின் வேதியியலை உயர்த்துவது, ஒளியைக் கூட்டுவது, ஊட்டுவது, எல்லாவற்றையும் மாறாமல் வைப்பது, பவளத்தைத் துண்டாக்கிப் பெருக்குவது. ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். அதற்கான சான்று எந்தப் பவளத்திலிருந்து வந்தது? வீட்டுத் தொட்டியின் நிலைமையில் அந்தப் பலன் கிடைக்குமா? தவறிப்போனால் மீள வழி உண்டா? மூன்றாவது கேள்விதான் இங்கே கனமானது. மெல்ல வளரும் பவளம் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் திசுவை இழக்க ஒரு வாரம் போதும். அதைத் திரும்பப் பிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதனால் எவ்வளவு லாபம் என்பதைவிட, தவறினால் எவ்வளவு சேதம் என்பதை வைத்தே எந்த வழியையும் மதிப்பிட வேண்டும்.

தராசில் வைத்துப் பார்த்தால்

மெதுவான வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1972இல் நட்சன், படமையர், ஸ்மித் என்னும் மூன்று அறிவியலாளர்கள் பசிபிக்கின் எனிவெட்டாக் தீவுப் பவளங்களை மெல்லிய பலகைகளாக அறுத்து எக்ஸ்ரே எடுத்து வெளியிட்டார்கள். அடர்ந்தும் தளர்ந்தும் மாறிமாறி வரும் பட்டைகள் அதில் தெரிந்தன. அங்கே நடந்த அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கதிரியக்கத் தடங்கள் அந்தப் பட்டைகளின் கணக்கோடு பொருந்த, ஓர் இணைப் பட்டை ஓர் ஆண்டு என்பது உறுதியானது. பருத்த பவளங்களின் வளர்ச்சியை ஆண்டுவாரியாகப் படிக்கும் கலை அதிலிருந்து வளர்ந்தது.

அப்படிப் படித்ததில், ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் உள்ள போரைட்டிஸ் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் நீள்கிறது. ஆனால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.5 கிராம் சுண்ணாம்பைக் கெட்டியாகப் படியவைக்கிறது. அளவுகோலை வைத்தால் சோம்பலாகத் தெரியும் உயிர், தராசில் வைத்தால் கடும் உழைப்பாளி.

இதை ஒரு தொட்டியில் பொருத்திப் பார்ப்போம். 200 லிட்டர் தொட்டி. அதில் உள்ளங்கை அகலத்தில், 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள போரைட்டிஸ். கடலில் வளரும் அதே வேகத்தில் வளர்ந்தால் அதற்கு ஆண்டுக்கு 150 கிராம், அதாவது நாளுக்கு 0.4 கிராம் சுண்ணாம்பு வேண்டும். அதற்காக நீரின் காரத்தன்மை நாளொன்றுக்கு 0.11 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) இறங்கும், கால்சியம் 0.8 பிபிஎம் இறங்கும். பத்து நாளில் காரத்தன்மை ஒரு டிகேஎச்சுக்கு மேல் சரிந்திருக்கும். கால்சியமோ 8 பிபிஎம்தான் குறைந்திருக்கும்; வீட்டுச் சோதனைக் கிட்டில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 420 பிபிஎம்மில் தொடங்கினால், நீரிலுள்ள கால்சியம் இந்த ஒரு பவளத்துக்கு ஓராண்டைத் தாண்டியும் வரும். 8 டிகேஎச்சில் தொடங்கும் காரத்தன்மையோ கணக்குப்படி எழுபது நாளில் தீர்ந்துபோகும்.

இந்தக் கணக்கு இரண்டு பழக்கங்களைத் தள்ளுபடி செய்கிறது. ‘மெதுவான பவளம்தானே, எதுவும் சேர்க்க வேண்டாம்’ என்பது ஒன்று. வாரம் பத்து சதவீத நீரை மாற்றினால் எல்லாம் ஈடாகிவிடும் என்பது மற்றொன்று. வாரத்தில் 0.8 டிகேஎச் இறங்கிய தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் திரும்பக் கிடைப்பது 0.08தான். நீர் மாற்றம் வேறு பல காரியங்களுக்கு நல்லது. இந்தக் கடனை அது அடைக்காது. கால்சியத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். காரத்தன்மையை வாரத்தில் இரண்டு முறையாவது பார்த்தே ஆக வேண்டும்.

வேதியியலை உயர்த்துவது

கடல்நீரின் இயல்பான காரத்தன்மை ஏறக்குறைய 7 டிகேஎச். அதை 11, 12 என்று ஏற்றினால் பவளம் வேகமாக வளரும் என்ற வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1999இல் மாருபினியும் தேக்கும் வெளியிட்ட ஆய்வில், நீரில் லிட்டருக்கு இரண்டு மில்லிமோல் பைகார்பனேட் சேர்த்தபோது போரைட்டிஸ் போரைட்டிஸ் என்னும் கரீபியப் பவளத்தின் எலும்புக்கூட்டு வளர்ச்சி இரட்டித்தது. அது 5.6 டிகேஎச் உயர்வுக்குச் சமம்.

ஆனால் அது விரல்விரலாகக் கிளைக்கும் போரைட்டிஸ். உருண்டையாகப் பருக்கும் வகை அல்ல. ஆய்வுக்கூடத்தில் ஒளி, ஊட்டம், வெப்பம் எல்லாம் கட்டுக்குள் இருக்கும். வீட்டில் அப்படி இல்லை. எலும்புக்கூடு வேகமாக எழும்பினால் அதைப் போர்த்தும் திசுவும் அதே வேகத்தில் உருவாக வேண்டும். திசுவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தேவை. ஊட்டம் வறண்ட நீரில் காரத்தன்மையை மட்டும் ஏற்றிவைத்த தொட்டிகளில் அக்ரோபோராவின் நுனி வெளுத்து எரிவதை வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். மூளைப் பவளத்துக்கு நுனி இல்லை. அங்கே திசு விளிம்பிலிருந்து பின்வாங்குகிறது. வெறுமையான எலும்பின்மேல் பாசி ஏறிக்கொள்கிறது. பாசி ஏறிய இடத்தைப் பவளம் மீட்பது அரிது. அக்ரோபோராவுக்கு ஒரு கிளை போனால் இன்னொரு கிளை வரும். மூளைப் பவளத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே முதல் கேள்வியில் பாதி மதிப்பெண், மூன்றாவதில் தோல்வி. 7.5க்கும் 8.5க்கும் இடையில் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நிறுத்துவதுதான் நியாயமான வழி. வாரக்கடைசியில் மொத்தமாக ஊற்றாமல், டோசிங் பம்ப் வைத்து நாள் முழுக்கச் சொட்டுச்சொட்டாகக் கொடுக்க வேண்டும். கதவும் சன்னலும் சாத்திய குளிரூட்டிய அறையில் நம் மூச்சிலிருந்து சேரும் கார்பன் டை ஆக்சைடு நீரின் பிஎச்சைக் கீழே இழுக்கும். அங்கே சுண்ணாம்பு நீர் இரட்டைப் பயன் தரும்: கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கும் விகிதத்திலேயே தரும், பிஎச்சையும் உயர்த்தும். ஜெர்மன் மொழி வளர்ப்பாளர்களிடையே பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய இந்த முறை பழையது, மலிவானது, இன்றும் பொருந்துவது.

ஒளியைக் கூட்டுவது

பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்து பவளத்துக்குக் கொடுக்கிறது. பகலில் பவளம் சுண்ணாம்பு படியவைக்கும் வேகம் இரவைவிடச் சராசரியாக மூன்று மடங்கு. எனவே கூடுதல் ஒளி கூடுதல் வளர்ச்சி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒளிச்சேர்க்கை ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அதைத் தாண்டிய ஒளி உணவாக மாறுவதில்லை. நுண்பாசியின் இயந்திரத்தையே சேதப்படுத்துகிறது. ட்ராக்கிஃபிலியா போன்ற சதைப்பற்றுள்ள பவளங்கள் இயற்கையில் பவளத்திட்டுகளுக்கு இடையே மணலும் சேறும் படிந்த மங்கலான தரைகளில் வாழ்பவை. அக்ரோபோராவுக்கு 250 முதல் 400 வரை பார் அளவு (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) கொடுக்கும் தொட்டியில், இவற்றுக்கு 50 முதல் 150 வரை உள்ள கீழ்த்தட்டு நிழலே போதும்.

இங்கே ஒளியின் அளவைவிடப் பெரிய ஆபத்து அதன் நிறத்தில் இருக்கிறது. நீல எல்இடி விளக்கின் கீழ் இந்தப் பவளங்கள் பச்சையும் செம்மஞ்சளுமாகச் சுடர்விடும். அந்தச் சுடரைத் தருவது பவளத்தின் சொந்தப் புரதங்கள், நுண்பாசி அல்ல. பாசியில் பெரும்பகுதியை இழந்து வெளிறிய பவளமும் நீல ஒளியில் முன்னைவிடப் பிரகாசமாகவே தெரியலாம். அதனால் வாரம் ஒருமுறை வெள்ளை விளக்கை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபேவியாவின் வாய்களுக்கு இடையிலுள்ள மேடுகள் கூர்மையாகத் துருத்திக்கொண்டு, அவற்றின்மேல் திசு காகிதம்போல் மெலிந்து எலும்பின் வெண்மை உள்ளிருந்து தெரிந்தால், பவளம் பட்டினியில் இருக்கிறது அல்லது ஒளியில் வாடுகிறது. மேடுகள் மழுங்கி, திசு தடித்துப் புடைத்திருந்தால் நலம். மெதுவான பவளத்தைப் பொறுத்தவரை நீளத்தைவிட நம்பத்தக்க அளவுகோல் இந்தத் திசுத் தடிமன்தான்.

ஊட்டமும் உணவும்

நீரை எவ்வளவு வறட்சியாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற கொள்கை பல ஆண்டுகள் கோலோச்சியது. பாஸ்பேட் சுண்ணாம்புப் படிவைத் தடுக்கும், நைட்ரேட் பாசியை வளர்க்கும் என்று இரண்டையும் பூச்சியத்துக்கு விரட்டுவதே திறமை என்று கருதப்பட்டது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் செய்த ஆய்வுகள் இந்தக் கொள்கையை உலுக்கிவிட்டன. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் மட்டும் வற்றினால் பவளம் வெப்பத்தையும் ஒளியையும் தாங்கும் சக்தியை இழந்து வெளுக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். 2023இல் நேச்சர் இதழில் வந்த அவர்களின் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. பவளம் தன்னுள் இருக்கும் நுண்பாசியில் ஒரு பகுதியைச் செரித்து, அதன்வழி நீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெறுகிறது. இரை எதுவும் கொடுக்காமலே, கரைந்த ஊட்டம் உள்ள நீரில் பவளங்கள் வளர்ந்தன. ஊட்டமற்ற நீரில் வளர்ச்சி நின்றுபோனது.

இந்தக் குழு வெவ்வேறு வகைப் பவளங்களைப் பயன்படுத்தியிருப்பதால் சான்றின் பரப்பு அகலம். காரண விளக்கமும் தெளிவானது. ஆகவே நைட்ரேட்டை 2 முதல் 10 பிபிஎம் வரையிலும் பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 பிபிஎம் வரையிலும் வைத்திருப்பது அழுக்கு அல்ல, பராமரிப்பு. கண்ணாடியில் படியும் கொஞ்சம் பாசியைத் துடைத்துவிடலாம். பட்டினியில் மெலிந்த திசுவை அத்தனை எளிதில் தேற்ற முடியாது.

நேரடியாக ஊட்டுவது பற்றிய சான்றில் ஒரு குறை உண்டு. மொனாக்கோ அறிவியல் மையத்தில் கிறிஸ்டின் ஃபெரியே-பாஜேயும் சக ஆய்வாளர்களும் விலங்கு மிதவையுயிர்களை ஊட்டினால் திசுவும் எலும்பும் இரண்டுமே கூடுவதைக் காட்டினார்கள். ஆனால் அவர்களுடைய சோதனைகள் பலவற்றின் நாயகன் ஸ்டைலோஃபோரா என்னும் வேகமான கிளைப் பவளம். அதை அப்படியே மூளைப் பவளத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. இருந்தாலும் இந்த இடத்தில் பவளத்தின் உடலமைப்பே சாட்சி சொல்கிறது. ஒரு கட்டைவிரல் அகல வாயும், இருட்டியதும் விரியும் பருத்த உணர்கொம்புகளும் இரைக்காகவே உருவானவை. விளக்கு அணைந்து ஒரு மணி நேரத்தில் ட்ராக்கிஃபிலியாவைப் பாருங்கள்: பகலில் மடிந்திருந்த ஓரங்களுக்கு உள்ளிருந்து உணர்கொம்புகள் வளையமாக எழுந்து நிற்கும். அப்போது பம்பை நிறுத்திவிட்டு, உருகவைத்த மைசிஸ் இறாலைச் சிறு குழாயால் மெல்ல விட்டால் வாய் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். விழுங்கி முடிக்க அரைமணி நேரமும் ஆகலாம். அதற்குள் தொட்டி இறால்கள் வாயிலிருந்தே பிடுங்கிவிடும். ஒரு சிறு வலைக்கூடையைக் கவிழ்த்துவைத்தால் தீர்ந்தது. வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, சிறு சிறு துண்டாக. பெரிய துண்டைச் செரிக்க முடியாமல் கக்கினால் அது நீரில் அழுகும். தவறினால் சேதம் சிறிது, சரிப்படுத்துவது எளிது, பலன் திசுவிலேயே தெரிகிறது. மூன்று கேள்விகளிலும் தேறுகிறது.

மாறாமை என்னும் மந்திரம்

‘எதையும் மாற்றாதே’ என்பது கடல் தொட்டி உலகின் பழமொழி ஆகிவிட்டது. அதையும் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது. அமெரிக்க சமோவாவின் ஒஃபு தீவில் பவளத்திட்டுக்குப் பின்னால் ஆழமற்ற நீர்த்தேக்கங்கள் உள்ளன. அங்கே ஒரே நாளில் நீரின் வெப்பம் 6 பாகை வரை ஏறி இறங்குகிறது. கோடையில் சில மணி நேரம் 34 பாகையையும் கடக்கிறது. போரைட்டிஸும் அக்ரோபோராவும் அங்கே நலமாக வாழ்கின்றன. அப்படியானால் மாறாமை ஏன் வேண்டும்?

ஒஃபுவில் நடப்பது தாளம் தவறாத ஏற்ற இறக்கம். வெயிலும் ஓதமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. ஏறியது சில மணியில் இறங்கிவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் நடப்பது வேறு. ஹீட்டர் ஒட்டிக்கொள்கிறது. ஆவியான நீருக்கு ஈடாக நன்னீர் ஊற்ற மறந்து உப்பு ஏறுகிறது. விட்டுப்போன ஒரு வார டோசை ஒரே நாளில் ஊற்றுகிறோம். புது விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிடுகிறோம். கடலிலேயே கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி அது வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் வெளுக்கத் தொடங்குகிறது. ஆகவே விலக்க வேண்டியது மாற்றத்தை அல்ல. ஒரே பக்கமாக இழுத்து நீடிக்கும் மாற்றத்தையும் திடீர் மாற்றத்தையும்தான். பகலில் பிஎச் சற்று ஏறி இரவில் இறங்குவதற்கு யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. காரத்தன்மை ஒரு நாளில் அரை டிகேஎச்சுக்கு மேல் தாவினால் கவலைப்பட வேண்டும்.

இவ்வாறு திருத்திச் சொன்னால் மாறாமைதான் ஐந்து வழிகளிலும் உறுதியானது. அது வளர்ச்சியைத் தள்ளுவதில்லை, இழப்பைத் தடுக்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் சம்பாதிக்கும் உயிருக்கு இழப்பைத் தடுப்பதுதான் முதல் சேமிப்பு.

இடமும் இந்தக் கணக்கில் சேரும். 1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் ஜூடித் லாங் ஆராய்ந்தபோது, மெல்ல வளரும் ஸ்கோலிமியா தன் உள்ளுறுப்பு இழைகளை வெளியே நீட்டி அண்டைப் பவளத்தின் திசுவை அங்கேயே செரித்துவிடுவதைக் கண்டார். வேகத்தில் தோற்பவை இப்படித்தான் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்கின்றன. தொட்டியில் சுற்றிலும் நான்கு விரற்கடை, நீண்ட உணர்கொம்பு உள்ளவற்றுக்கு ஒரு சாண் வெற்றிடம் விட்டால் இந்தப் போரே வராது. வைத்த இடத்தில் திசு புடைத்து நின்றால் பிறகு நகர்த்தவே கூடாது.

துண்டாக்கிப் பெருக்குவது

மெதுவான பவளத்தை வேகமாக்கும் வழி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஃப்ளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன் 2000களின் நடுவில் ஒரு பவளத்தைத் தற்செயலாக உடைத்தார். தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு மிஞ்சிய சில வாய்கள் எதிர்பாராத வேகத்தில் பரவியிருந்தன. அதிலிருந்து பிறந்தது நுண்துண்டு முறை. வைர ரம்பத்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு அறுத்து, ஒரே தாயின் துண்டுகளை ஓட்டின்மேல் சிறு இடைவெளி விட்டு ஒட்டுகிறார்கள். ஓரங்கள் பரவி, சந்தித்து, ஒரே உயிராக இணைந்துவிடுகின்றன. சாக் ஃபோர்ஸ்மன் முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆர்பிசெல்லா ஃபேவியோலாட்டா, சூடோடிப்ளோரியா கிளைவோசா ஆகிய பருத்த பவளங்களிலேயே காட்டியது. முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறெந்த வழியிலும் இல்லை.

காரணம் பெரும்பகுதி வடிவக் கணக்கு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டின் ஓரம் 40 சென்டிமீட்டர். அதையே நூறு துண்டாக்கினால் ஓரம் 400. பரவுவது ஓரத்தில் என்றால் பரவும் முனை பத்து மடங்கு. ஆனால் இது பரப்பின் வேகம், பருமனின் வேகம் அல்ல. கிடைப்பது ஓட்டைப் போர்த்திய மெல்லிய படலம். குன்றாக எழும்ப அதற்கும் ஆண்டுகள் வேண்டும். அழிந்த கடல்திட்டில் இறந்த பவளக் குன்றின்மேல் உயிர்த்தோலைப் போர்த்துவதற்கு இது அருமையான உத்தி. வீட்டில், ஃபேவியா போன்ற பலவாய்ப் பவளத்தின் ஆரோக்கியமான ஓரத்தை அறுத்து நண்பர்களுக்குக் கொடுப்பது நல்ல காரியம். ஒருவருடைய தொட்டி கவிழ்ந்தாலும் அந்த உயிர் இன்னொருவரிடம் பிழைத்திருக்கும். ஸ்கோலிமியா, அகாந்தோஃபிலியா போன்ற ஒற்றை வாய்ப் பவளத்தில் ரம்பத்தை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே வெட்டு உடலின் நடுவிலேயே விழுகிறது. பிழைத்தாலும் தேற நெடுங்காலம் ஆகும்.

தீர்ப்பு

எடைபோட்டதில் வரிசை இப்படி நிற்கிறது. முதலில் திடீர்த் தாவல் இல்லாத நீர். அடுத்து, வற்றாத ஊட்டமும் இரவு உணவும். மூன்றாவது, மிதமான ஒளியும் தாராளமான இடமும். நுண்துண்டு முறை பலவாய்ப் பவளங்களுக்கு மட்டும், பிழைப்பை உறுதிசெய்யும் காப்பீடாக. காரத்தன்மையை ஏற்றி வேகம் பிடிப்பது இவற்றுக்கு வேண்டவே வேண்டாம். இந்தப் பவளங்களை வளர்க்கும் திறமைக்கு வளர்ச்சி வேகம் அளவுகோல் ஆகாது. ஐந்தாவது ஆண்டில் அதன் விளிம்பில் திசு அப்படியே இருக்கிறதா என்பதே அளவுகோல்.

இந்தத் தீர்ப்பு யாருக்குப் பொருந்தும் என்பதற்கும் எல்லை உண்டு. கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இந்தியாவில் 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வீட்டில் வைப்பதுகூடக் குற்றம். அங்குள்ள வாசகருக்கு என் முடிவு ஒரே சொல்: கூடாது. அனுமதியுள்ள நாடுகளில் வாழ்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. வேகமான பவளங்களைப் பண்ணையில் வளர்த்து விற்பது லாபம். மெதுவானவற்றை, முக்கியமாக ஒற்றை வாய்ப் பவளங்களை, பெரும்பாலும் கடலிலிருந்தே எடுக்கிறார்கள். கடல் அதை உருவாக்கப் பல ஆண்டுகள் செலவிட்டிருக்கிறது. பண்ணைத் துண்டு கிடைக்கும் இனமாகப் பார்த்து வாங்குவதும், மூன்று மாதம் தொடர்ந்து காரத்தன்மையை ஒரே அளவில் நிறுத்திக் காட்டாத தொட்டிக்கு இவற்றை வாங்காமல் இருப்பதும்தான் நாம் இவற்றுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.